பிள்ளை சொல்லாத வலி

கச்சால் ஒரு தீவு. அது நிக்கோபார் தீவுகளில் ஒன்று. சுற்றிலும் கடல். உள்ளே தென்னை, பாக்கு, ரப்பர் மரங்கள். இங்கே நிக்கோபாரி மக்கள் வாழ்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன.

1964-இல் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் பலர் இந்தியா திரும்பினார்கள். அவர்களில் சில குடும்பங்களை 1970-களில் அரசு கச்சாலில் குடியமர்த்தியது. ரப்பர்த் தோட்டத்தில் வேலை கொடுத்தது.

அப்படி வந்த குடும்பங்களில் ஒன்று இது. பாட்டி சின்னப் பெண்ணாகக் கப்பலில் வந்தவர். இப்போது மகன், மருமகள், பேரன் என்று வீடு நிறைந்திருக்கிறது. பேரனுக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோரும் அவனைத் தம்பி என்றே கூப்பிடுவார்கள்.

தம்பி பிறந்தவுடன் அழவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் மூச்சு வந்தது. மூன்று வயதில்தான் நடந்தான். இப்போதும் ஐந்தாறு சொற்கள் மட்டுமே பேசுவான். "அம்மா" என்பான். "சோறு" என்பான். "கப்ப" என்பான். கப்பல் என்றால் அவனுக்கு உயிர். தம்பிக்கு அறிவு வளர்ச்சி குறைவு என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

தலையில் அடித்துக்கொண்டான்

ஒரு நாள் தம்பி தன் தலையில் தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். பகலில் அடித்தான். இரவில் எழுந்து உட்கார்ந்து அடித்தான். சோற்றைத் தட்டிவிட்டான். கிட்டே வந்தவர்களைக் கடித்தான். ஒரு வாரம் இப்படியே போயிற்று. வீட்டில் யாரும் தூங்கவில்லை.

பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர், "இந்த மாதிரி பிள்ளைங்க குணமே அதுதான். வளர வளர முரட்டுத்தனம் கூடும்" என்றார். தம்பியின் அப்பா அலுத்துப் போனார்.

"கையைக் கட்டிப் போட்டாத்தான் அடங்குவான்" என்று கயிற்றை எடுத்தார்.

அம்மா கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார். அழுதார். ஆனால் அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் சுகாதார நிலையத்து சிஸ்டர் தடுப்பூசிக் கணக்கு எடுக்க அந்தப் பக்கம் வந்தார். தம்பி அடித்துக்கொள்வதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்.

"பாட்டிம்மா, இவன் முன்னாடியும் இப்படி அடிச்சுக்குவானா?"

"இல்ல தாயி. ஒரு வாரமாத்தான்."

"எந்தக் கையாலே அடிக்கிறான், கவனிச்சீங்களா?"

அம்மா யோசித்தார். "இடது கையாலேதான் சிஸ்டர். இடது பக்கம் மட்டும்தான் அடிக்கிறான்."

சிஸ்டர் மெதுவாகத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். கப்பல் பேச்சு பேசினார். அவன் அடங்கியதும் இடது காதைப் பார்த்தார். காதிலிருந்து கெட்ட வாடை வந்தது. ஓரத்தில் சீழ் காய்ந்திருந்தது.

"காதுக்குள்ள ஏதாவது ஊத்தினீங்களா?"

"சூடா எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன்" என்றார் பாட்டி தயங்கி.

"இனிமே விடாதீங்க பாட்டிம்மா. எண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எதையும் காதில் விடக் கூடாது. புண் அதிகமாகும்."

அன்றே தம்பியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் சின்ன விளக்கு வைத்துக் காதைப் பார்த்தார். உள்ளே பெரிய புண். காதில் விடும் சொட்டு மருந்தும், குடிக்கும் மருந்தும் கொடுத்தார். குளிக்கும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஐந்தாம் நாள் தம்பி அடித்துக்கொள்வதை நிறுத்தினான். சோறு கேட்டான். இரவு முழுவதும் தூங்கினான்.

சிஸ்டர் மறுபடி வந்தபோது அப்பா தலை குனிந்து நின்றார். சிஸ்டர் சொன்னார்:

"அவன் சேட்டை பண்ணல அண்ணே. காது வலிக்குதுன்னு சொல்ல அவனுக்கு வாய் இல்ல. கையாலே சொன்னான். நமக்குத்தான் புரியல."

அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்றால் என்ன?

சில குழந்தைகள் தங்கள் வயதுப் பிள்ளைகளைப் போல வளர்வதில்லை. உட்கார, நடக்க, பேசத் தாமதம் ஆகும். கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகும். உடை உடுத்த, குளிக்க, காசு எண்ண மற்றவர் உதவி தேவைப்படும். இதை அறிவுசார் குறைபாடு என்கிறோம். முன்பு மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று சொன்னார்கள்.

இது பைத்தியம் அல்ல. தொற்றுநோய் அல்ல. சாபமோ, கிரகணமோ, முன்வினையோ காரணம் அல்ல. தாயின் குற்றமும் அல்ல.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. பிறக்கும்போது மூச்சு முட்டினால் மூளை பாதிக்கப்படும். மூளைக் காய்ச்சலாலும் பாதிக்கப்படும். கர்ப்பிணிக்கு ரூபெல்லா என்னும் அம்மை வந்தால் வயிற்றுக் குழந்தையைத் தாக்கும். தாயின் உணவில் அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை சரியாக வளராது. சிலருக்குக் கருவிலேயே மாற்றம் இருக்கும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது சில பரம்பரைக் குறைகள் வரும் வாய்ப்பு கூடுகிறது. பல குழந்தைகளுக்குக் காரணம் தெரிவதே இல்லை.

மற்ற நோய்கள் ஏன் கூட வருகின்றன?

இந்தக் குழந்தைகளுக்கு வேறு சில உடல் நோய்களும் அதிகமாக வருகின்றன. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம்: மூளையைப் பாதித்த அதே காரணம் மற்ற உறுப்புகளையும் பாதிக்கும். ரூபெல்லா மூளையை மட்டும் தாக்குவதில்லை. கண், காது, இதயம் எல்லாவற்றையும் தாக்கும். மூச்சு முட்டிப் பிறந்த குழந்தைக்கு வலிப்பும் வரலாம். கை கால் இறுக்கமும் வரலாம்.

இரண்டாவது காரணம்: குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. அதனால் சின்ன நோயும் முற்றிப் போகிறது.

மூன்றாவது காரணம்: பெரியவர்கள் எல்லாவற்றையும் குறைபாட்டின் மேல் போட்டுவிடுகிறார்கள். "இந்தப் பிள்ளை இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு பேச்சு எத்தனையோ குழந்தைகளுக்கு மருந்து கிடைக்காமல் செய்திருக்கிறது.

மூளையின் குறையை மாத்திரை கொடுத்துப் போக்க முடியாது. ஆனால் கூட வரும் நோய்களில் பலவற்றைக் குணப்படுத்தலாம். மற்றவற்றைக் கட்டுக்குள் வைக்கலாம். வலி குறைந்தால் குழந்தை சிரிக்கும். காது கேட்டால் கற்றுக்கொள்ளும்.

கப்பலில் நடந்தது

காதுப் புண்ணைப் பார்த்த டாக்டர் இன்னும் சில கேள்விகள் கேட்டிருந்தார்.

"இவனுக்கு வலிப்பு வந்திருக்கா?"

"கைக்குழந்தையா இருக்கும்போது ரெண்டு தடவை வந்தது. அப்புறம் இல்ல" என்றார் அம்மா. "ஆனா சில நேரம் அப்படியே வெறிச்சுப் பார்ப்பான். கூப்பிட்டா திரும்ப மாட்டான். கொஞ்ச நேரத்துல சரியாயிடுவான்."

"அதுவும் ஒரு வகை வலிப்பா இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க. கண்ணையும் காதையும் அங்கேயே பரிசோதிச்சிடலாம்" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேரில் இருக்கிறது. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். கச்சாலிலிருந்து அங்கே கப்பலில் போகவேண்டும். ஓர் இரவாவது கடலில் கழியும். மழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். சில நாள் கப்பலே வராது.

அம்மாவும் அப்பாவும் தம்பியும் புறப்பட்டார்கள். தம்பிக்கு ஒரே சந்தோஷம். "கப்ப! கப்ப!" என்று கைகொட்டினான்.

நடு இரவு. தம்பி திடீரென்று கத்தினான். உடம்பு விறைத்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை வந்தது.

பக்கத்தில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் சாவிக்கொத்தைத் தம்பி கையில் திணித்தார். ஒருவர் பல்லுக்கு நடுவே கரண்டியை வைக்கப் போனார். இன்னொருவர் காலை அழுத்திப் பிடித்தார்.

அப்போது கப்பல் ஊழியர் ஒருவர் வந்தார். அவர் முதலுதவிப் பயிற்சி பெற்றவர்.

"எல்லோரும் தள்ளி நில்லுங்க. காத்து வரட்டும். வாயில எதையும் வைக்காதீங்க. பல்லு உடைஞ்சு மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்" என்றார்.

அவர் தம்பியை மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தலைக்குக் கீழே மடித்த துணியை வைத்தார். சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம்" என்றார், இழுப்பு நின்றதும். "நேரத்தை எழுதி வச்சுக்கோங்கம்மா. டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பாரு."

அம்மா பையிலிருந்து நோட்டை எடுத்தார். அதில் தேதியும் மணியும் எழுதினார். அதற்குக் கீழே '3 நிமிஷம்' என்று எழுதினார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டார். அந்த வகுப்பில் கொடுத்த நோட்டுதான் அது.

வலிப்பு வந்தால் என்ன செய்யவேண்டும்?

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. மற்ற மக்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆகவே இந்தக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் எல்லோரும் முதலுதவி தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை:
1. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும்.
2. தலைக்குக் கீழே துணி வையுங்கள். கழுத்துப் பக்கம் துணியைத் தளர்த்துங்கள்.
3. அருகில் உள்ள கல், அடுப்பு, கத்தி போன்றவற்றை அகற்றுங்கள்.
4. எத்தனை நிமிடம் என்று பாருங்கள்.
5. முழு நினைவு வரும்வரை கூடவே இருங்கள்.

செய்யக் கூடாதவை:
1. கையில் இரும்பு கொடுக்க வேண்டாம். இரும்பால் வலிப்பு நிற்காது. அது தானாகவே நிற்கிறது.
2. வாயில் கரண்டி, துணி, விரல் வைக்க வேண்டாம்.
3. வெங்காயம், செருப்பு முகரவைக்க வேண்டாம்.
4. கை காலை அழுத்திப் பிடிக்க வேண்டாம்.
5. நினைவு வரும்முன் தண்ணீரோ மருந்தோ ஊற்ற வேண்டாம்.

வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஒன்று நின்று நினைவு வரும்முன் அடுத்தது வந்தாலும் தூக்கிச் செல்லுங்கள்.

வலிப்பு உள்ள குழந்தையைக் கடலிலோ ஓடையிலோ கிணற்றடியிலோ தனியாகக் குளிக்க விடாதீர்கள். கப்பல் துறையில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாளித் தண்ணீர்கூட ஆபத்துதான். அடுப்பங்கரையிலும் கவனம் தேவை.

ஆஸ்பத்திரி பெஞ்சில்

போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது. 2015-இல் இங்கே மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. தம்பியின் பெற்றோர் சீட்டைக் காட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பக்கத்தில் ஒரு வங்காளித் தாய் உட்கார்ந்திருந்தார். வடக்கே திக்லிப்பூரிலிருந்து வந்தவர். மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை. தட்டையான மூக்கு. மேல்நோக்கிய சின்னக் கண்கள். இரண்டு தாய்களும் இந்தியில் பேசிக்கொண்டார்கள்.

"என் மகளுக்கு டவுன் நோய்க்குறி" என்றார் அவர். "பால் குடிக்கும்போது வேர்த்துக் கொட்டும். ரெண்டு வாய் குடிச்சிட்டுக் களைச்சுப் போவா. பலவீனம்னு நினைச்சோம். இதயத்துல ஓட்டை இருக்குன்னு இங்கே கண்டுபிடிச்சாங்க. மருந்து தர்றாங்க. ஆபரேஷன் செய்தா நல்லா ஆயிடுவாளாம்."

நம் உடம்பு செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் இருக்கும். டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு 47 இருக்கும். 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல். ஏறக்குறைய 800 முதல் 1,000 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது.

இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். பால் குடிக்கும்போது களைப்பு, வேர்வை, நீலம் பாய்ந்த உதடு, அடிக்கடி நிமோனியா, எடை கூடாமை ஆகியவை அதன் அடையாளங்கள். வெளியே எதுவும் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே டவுன் நோய்க்குறி உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்தவுடன் இதயப் பரிசோதனை வேண்டும். பல ஓட்டைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். காலம் கடந்தால் நுரையீரல் கெட்டுவிடும். பிறகு அறுவை சிகிச்சையும் பலன் தராது.

இவர்களுக்குத் தைராய்டு குறைவும் அதிகம் வரும். தைராய்டு என்பது கழுத்தில் உள்ள சுரப்பி. அது குறைந்தால் குழந்தை மந்தமாகும். மலம் இறுகும். தோல் வறளும். வளர்ச்சி நிற்கும். பார்ப்பவர்கள் "குறைபாட்டுப் பிள்ளை அப்படித்தான்" என்பார்கள். ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். தினம் ஒரு சின்ன மாத்திரை போதும். ஆகவே டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு வருடம் ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்யவேண்டும்.

சில குழந்தைகள் தைராய்டு குறைவோடு பிறக்கிறார்கள். பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அறிவு வளர்ச்சி குறையாமல் தடுத்துவிடலாம்.

கண், காது, பல், வயிறு

தம்பிக்குக் கண் பரிசோதனை நடந்தது. தூரப் பார்வை குறைவு என்று தெரிந்தது. கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்டதும் தம்பி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தான். தூரத்தில் நின்ற கப்பலைக் கை நீட்டிக் காட்டினான். இத்தனை நாள் அது அவன் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேச்சு வராத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுத்தைப் பார்க்காத குழந்தைக்குக் கண் தெரிகிறதா என்று பாருங்கள். எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் பேசாத குழந்தைக்கும் கண், காது பரிசோதனை செய்ய முடியும். மாறுகண், கண்புரை, காதுச் சீழ் ஆகியவை இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

டாக்டர் தம்பியின் வாயையும் பார்த்தார். இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தை. பல் வலித்தால் குழந்தை சாப்பிடாது. கன்னத்தில் அடித்துக்கொள்ளும். கையைக் கடிக்கும். தினம் இரண்டு வேளை பெரியவர் யாராவது பல் துலக்கிவிட வேண்டும்.

வயிற்றையும் அழுத்திப் பார்த்தார். மலம் கட்டியாக இறுகியிருந்தது. இந்தக் குழந்தைகளுக்கு மலச்சிக்கல் மிக அதிகம். தண்ணீர் குறைவாகக் குடிப்பார்கள். நடமாட்டம் குறைவு. சில மருந்துகளும் மலத்தை இறுக்கும். பப்பாளி, வாழைப்பழம், கீரை, போதிய தண்ணீர் கொடுக்கவேண்டும். தினம் ஒரே நேரத்தில் கழிப்பறையில் உட்கார வைத்துப் பழக்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் டாக்டர் மருந்து தருவார்.

சில குழந்தைகள் மண், சாம்பல், சுண்ணாம்பு தின்பார்கள். ரத்தச் சோகையும் பூச்சியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பூச்சி மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் கேட்டு வாங்குங்கள்.

கை கால் இறுகிய குழந்தையைப் படுக்க வைத்து ஊட்டாதீர்கள். புரை ஏறி நுரையீரலுக்குப் போகும். நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டியான உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். உடற்பயிற்சி சிகிச்சை தொடர்ந்து கொடுத்தால் மூட்டு மடங்கிப் போகாது.

சிரிக்கும் சூரியன்

அயோடின் குறைவு வராமல் தடுப்பது எளிது. அயோடின் கலந்த உப்பு போதும். உப்புப் பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்கச் சட்டம் தடை செய்கிறது.

தீவுகளில் ஈரக் காற்று அதிகம். உப்பு திறந்து கிடந்தால் கசியும். அயோடினும் போய்விடும். மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். சமையல் முடியும் நேரத்தில் உப்பைப் போடுங்கள்.

நோட்டு சொன்ன செய்தி

டாக்டர் வலிப்பு மருந்து கொடுத்தார். "தினம் ரெண்டு வேளை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. நல்லா இருக்கான்னு நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு பலமா வரும்" என்றார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனார்கள்.

"வலிப்பு வந்ததா?" என்று கேட்டார் டாக்டர்.

"நாலு தடவை வந்தது" என்றார் அப்பா கவலையோடு. "மருந்து கேக்கல போலிருக்கு டாக்டர்."

டாக்டர் யோசித்தார். மருந்தின் அளவைக் கூட்டலாமா என்று பார்த்தார். அப்போது அம்மா நோட்டை நீட்டினார். கோணல் மாணலான எழுத்தில் இப்படி இருந்தது:

ஜூலை 4. காலை. 2 நிமிஷம். காய்ச்சல்.
ஜூலை 19. ராத்திரி. 3 நிமிஷம். கப்பல் வரல. மருந்து இல்ல.
ஜூலை 20. காலை. 3 நிமிஷம். மருந்து இல்ல.
ஜூலை 20. ராத்திரி. 2 நிமிஷம். மருந்து இல்ல.

டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது. மருந்து தீர்ந்த நாள்லதான் மூணு தடவை வந்திருக்கு. அளவைக் கூட்ட வேண்டியதில்லை. மருந்து தீராம இருந்தாப் போதும்" என்றார். கடல் மூடிய நாட்களுக்கும் சேர்த்து ஒரு மாத மருந்து அதிகம் கொடுத்தார். கச்சால் சுகாதார நிலையத்திலும் இந்த மருந்தை இருப்பு வைக்கும்படி கடிதம் எழுதினார்.

"இந்த நோட்டு இல்லாட்டி தப்பா அளவைக் கூட்டியிருப்பேன். பிள்ளை தூங்கி வழிஞ்சிருப்பான்" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எனக்கும் சொல்லிக் குடு" என்றார்.

அரசு உதவிகள்

1. தேசியச் சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் மருத்துவக் குழு பரிசோதிக்கும். இதய ஓட்டை போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சையும் இலவசம்.

2. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 21 வகைக் குறைபாடுகள் இதில் அடங்கும். அரசு டாக்டர் சான்றிதழ் தருவார். அடையாள அட்டையும் கிடைக்கும். 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு இருந்தால் பல சலுகைகள் பெறலாம். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறவும் உரிமை உண்டு.

3. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இல் வந்தது. இதன்கீழ் நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடு உள்ளது. வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும்.

4. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னைக்குப் போகிறவர்கள் அங்கே காட்டலாம்.

5. இப்படிப்பட்ட பிள்ளையை வளர்ப்பது எளிதல்ல. தாய்க்கும் மனச்சோர்வு வரும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்து பேசலாம். கட்டணம் இல்லை.

நினைவில் வையுங்கள்

குழந்தையின் நடத்தை திடீரென்று மாறினால் அதை அடிக்காதீர்கள். கட்டிப் போடாதீர்கள். தலை முதல் கால் வரை பாருங்கள். காது, பல், தொண்டை, வயிறு, தோல், கால் ஆணி எங்கே வலி என்று தேடுங்கள். உடம்பில் காயமோ பயமோ தெரிந்தால், யாராவது கொடுமை செய்கிறார்களா என்றும் பாருங்கள். 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கு உதவி கிடைக்கும்.

வருடம் ஒருமுறை கண், காது, பல், எடை, ரத்தம் பரிசோதியுங்கள். தடுப்பூசி எதையும் விடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. தம்பி ஏன் தலையில் அடித்துக்கொண்டான்? சிஸ்டர் எப்படிக் கண்டுபிடித்தார்?
2. வலிப்பு வந்தபோது கப்பல் ஊழியர் என்னென்ன செய்தார்?
3. நோட்டு டாக்டருக்கு எப்படி உதவியது?
4. உங்கள் ஊரில் இப்படிப்பட்ட குழந்தை இருக்கிறதா? அந்தக் குழந்தை கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தது?

எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் ஒருவர் தினமும் சாப்பிடும் மருந்தின் பெயர், எத்தனை வேளை, எந்தத் தேதியில் தீரும் என்று எழுதுங்கள்.